பச்சைத் தண்ணீரில் துவைத்துத் துணி வெளுக்கவில்லையா? பொடியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கோவையிலும் மேட்டுப்பாளையம், குன்னூர்ப் பக்கமும் வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். "மெஷின் சரியா வெளுக்க மாட்டேங்குதுங்கண்ணா" என்று கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது. பொடி கரைந்திருக்காது. இல்லையென்றால் உப்புத் தண்ணீர் பொடியின் வேலையைக் கெடுத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு வாரத் துணி மொத்தமும் பதினைந்து நிமிட குவிக் வாஷில் போயிருக்கும். அதற்குள் விலை கூடிய பொடி ஒன்றை வாங்கிப் பார்த்து, அதுவும் சரியில்லை என்று மூலையில் வைத்திருப்பார்கள். அந்தக் காசு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹீட்டர் கிடையாது. ஃப்ரண்ட் லோடில் ஹீட்டர் உண்டு. ஆனால் அந்த மெஷின் இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. அதனால் அன்றாடத் துணிக்குப் பச்சைத் தண்ணீரோ 30 டிகிரியோ போதும். குறைந்த விலைப் பொடியிலேயே அது நன்றாக நடக்கும். கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் மெஷினுக்கு வரும் தண்ணீர், இன்னொன்றில் குடிக்கிற நல்ல தண்ணீர். இரண்டிலும் ஒரு டீஸ்பூன் பொடி போட்டு ஒரு நிமிடம் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

இரண்டிலும் பொடி கரைந்து தண்ணீர் லேசாக மங்கலாக மட்டும் இருந்தால் பொடியும் சரி, தண்ணீரும் சரி. இரண்டிலும் அடியில் வெள்ளையாக மணல் போலப் படிந்தால் பொடியில் கரையாத சுண்ணாம்புக் கல் மாவு மாதிரி ஏதோ கலந்திருக்கிறது. அந்தப் பொடியை மாற்றத்தான் வேண்டும். நல்ல தண்ணீரில் தெளிவாகவும் மெஷின் தண்ணீரில் பால் போலவும் இருந்தால் பொடியைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீர் கடினமானது, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்பு கூடியது.

சந்தேகமாக இருந்தால் இன்னொரு சோதனை. பாதி பாட்டில் மெஷின் தண்ணீரில் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் மேலே திரிதிரியாக வெள்ளை மிதந்தால் கடினத் தண்ணீர். துணிப் பொடியை வைத்து இதைச் செய்ய வேண்டாம், அது கடினத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. உங்கள் போர் தண்ணீர் எவ்வளவு என்று தெரிய ஹார்ட்னஸ் ஸ்ட்ரிப் வாங்கி நனைத்துப் பார்க்கலாம். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்பையும் சேர்த்து. அந்த எண்ணை மட்டும் வைத்துக் கடினத்தன்மையை முடிவு செய்யாதீர்கள்.

கோவையில் நிறைய வீடுகளில் சிறுவாணித் தண்ணீர் ஒரு குழாயிலும் போர் தண்ணீர் ஒரு குழாயிலும் வரும். எது மெஷினுக்கு வருகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருப்பதுண்டு. வால்வைப் பார்த்துவிடுங்கள்.

கருப்புத் துணியில் வெள்ளைக் கோடு, மடிப்பில் தூள்

என்னை அதிகம் கூப்பிடுவது இதற்குத்தான். முதலில் அந்தக் கோடு என்ன என்று கண்டுபிடியுங்கள். ஈர விரலால் தேய்த்தால் வழுவழுவென்று வந்துவிட்டால் அது கரையாத பொடி. தண்ணீரில் போகாமல், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தால் போகிறது என்றால் அது சுண்ணாம்புப் படிவு. பொடியில் இருக்கும் வாஷிங் சோடா, கடினத் தண்ணீரோடு சேர்ந்து துணியில் இறங்கியது.

*கரையாத பொடி என்றால்*

டிரம்மில் துணி எவ்வளவு என்று பாருங்கள். காய்ந்த துணியைப் போட்டபின் மேலே ஒரு சாண் இடம் இருக்க வேண்டும். துணியை அமுக்கி அடைத்தால் பொடி நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, பொடியை எங்கே போடுகிறீர்கள்? டாப் லோடில் துணிக்கு மேல் தூவக் கூடாது. ஒரு மக்கில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பொடியைக் கரைத்து, துணி போடும் முன் டிரம்மில் ஊற்றுங்கள். ஒரு மக் வெந்நீர்தான் செலவு. பச்சைத் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு இதைவிட மலிவான, பலன் தரும் மாற்றம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

குவிக் வாஷ், பொடி கரைவதற்குள் அலசத் தொடங்கிவிடும். ஒரு முறை போட்டுக் கழற்றிய சட்டைக்கு அது சரி. மற்றதற்கு நார்மல் அல்லது காட்டன் ஓட்டத்தில் போடுங்கள். தண்ணீர் சூடாக இல்லாதபோது அழுக்கை எடுக்கப் பொடிக்கு நேரம் வேண்டும்.

ஃப்ரண்ட் லோடு டிராயரில் பொடி களியாக நிற்கிறதா? டிராயரை முழுதாக இழுத்துக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவுங்கள். பிறகு தண்ணீர்க் குழாயை மூடி, மெஷினுக்குப் பின்னால் ஓஸைத் திருகிக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் நகம் அளவு ஒரு சல்லடை இருக்கும். போர் தண்ணீர் வரும் வீட்டில் அதில் மண் அடைத்திருக்கும். மூக்குக் குறட்டால் மெல்ல இழுத்துக் கழுவி மாட்டுங்கள்.

இதற்குப் பிறகும் தண்ணீர் மெதுவாக வந்தால் டேங்க் உயரத்தைப் பாருங்கள். மேல்மாடியிலேயே மெஷின் இருந்து, டேங்க் அதன் தலைக்கு மேல்தான் இருக்கிறது என்றால் அழுத்தம் பற்றாது. மூன்று மீட்டராவது உயர வித்தியாசம் வேண்டும். அழுத்தம் இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் இன்லெட் வால்வு போயிருக்கலாம். இங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

*சுண்ணாம்புப் படிவு என்றால்*

பொடியைக் கூட்டக் கூட இது கூடும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரைத் திருப்பிவிட முடிந்தால் அதுவே போதும். முடியாவிட்டால் லிக்விடுக்கு மாறுங்கள். லிக்விடில் வாஷிங் சோடா பொதுவாக இருக்காது என்பதால் இந்தக் கோடு விழாது. படிந்த துணியை ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை உப்பு கரைத்து அரை மணி நேரம் ஊறப் போட்டு அலசினால் பழைய நிறம் வரும். அந்தப் பக்கெட்டில் பிளீச் ஒரு சொட்டும் சேரக் கூடாது. பிளீச்சும் புளிப்பும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், குளியலறையில் நிற்கவே முடியாது.

வீடு முழுவதற்கும் வாட்டர் சாஃப்ட்னர் வைப்பது கடைசி வழி. வைத்தபின் பொடியைப் பாதியாகக் குறைக்க மறக்காதீர்கள்.

காலரும் தலையணை உறையும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது

குன்னூரில் டிசம்பர், ஜனவரியில் இந்தப் புகார் வரும், மே மாதம் வராது. காரணம் தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். மலையில் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. உறைந்த எண்ணெயை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொடியாலும் அசைப்பது கஷ்டம். கோவையில் மதியம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும், அந்த நேரத்தில் மெஷினைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் வழி, துணி சோப்பு. காலரை நனைத்து, சோப்புக் கட்டியை இரண்டு இழுப்பு இழுத்து, பத்து நிமிடம் விட்டு மெஷினில் போடுங்கள். பொடி விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து இதை வீடுகளில் மறந்தேவிட்டார்கள். இன்றும் காலருக்கு இதுதான் மலிவு.

இரண்டாவது, ஊற வைப்பது. தலையணை உறை, பனியன், உள்ளாடையை வெதுவெதுப்பான தண்ணீரில் பொடியோடு ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். வெள்ளைப் பருத்திக்கு மட்டும் ஒரு டேபிள்ஸ்பூன் வாஷிங் சோடா சேர்க்கலாம். ஆப்ப சோடா வேறு, அது இந்த வேலைக்கு ஆகாது. வாஷிங் சோடா கையை எரிக்கும், பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குள் அதைக் கொட்டவும் வேண்டாம். டிரம்முக்குப் பின்னால் மூன்று கால் போல ஒரு தாங்கி இருக்கும். பெரும்பாலும் அலுமினியம். சோடா அதை அரிக்கும். அரித்து உடைந்த தாங்கியைக் கழற்றும்போதுதான் அதன் விலை வீட்டுக்காரருக்குத் தெரியவரும். பக்கெட்டில் ஊற வைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத் துணியை மட்டும் மெஷினில் போடுங்கள்.

மூன்றாவதாகத்தான் பொடியை மாற்றுவது. என்சைம் இருக்கும் பொடி வேண்டும். எண்ணெய்க்கு லைபேஸ், வியர்வை, ரத்தம், பாலுக்குப் புரோட்டியேஸ், சோறு, கஞ்சிக்கு அமிலேஸ். இவை வெதுவெதுப்பிலேயே வேலை செய்யும், கொதிநீரில் செத்துவிடும். பச்சைத் தண்ணீரில் துவைப்பவர்கள் கூடுதல் காசு கொடுக்கலாம் என்றால் இதற்குக் கொடுக்கலாம், வாசனைக்குக் கொடுக்க வேண்டாம். பட்டு, கம்பளி மட்டும் இதில் போடாதீர்கள். இரண்டும் புரதம், புரோட்டியேஸ் அவற்றையும் தின்னும். அவற்றுக்குத் தனி மென்மையான லிக்விட் உண்டு.

குளிர்ப்பகுதியில் ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்கள் படுக்கைத் துணியை 40 டிகிரியில் போட்டுவிடுங்கள். அப்போதும் எண்ணெய் போகவில்லையா? 60 டிகிரியில் ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஹீட்டரோ சென்சாரோ வேலை செய்யவில்லை. ஓடும்போது ஈ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் மறுபடி போட்டுப் பார்க்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வெள்ளைத் துணி நிறம் மங்குகிறது

*சாம்பல் பூத்தது போல:* பொடி போதவில்லை, அல்லது வெள்ளையைக் கலர் துணியோடு போடுகிறீர்கள். கடினத் தண்ணீரில் பாக்கெட்டில் சொன்ன அளவைவிட ஒன்றரை மடங்கு வரை தேவைப்படும். சமையலறைத் தராசில் ஒரு முறை எடை போட்டு, பழைய பிளாஸ்டிக் கப்பில் அந்த அளவுக்கு மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். கைக்கணக்கில் அள்ளிப் போடும் வீடுகளில் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

*மஞ்சளாக, திட்டுத் திட்டாக:* தண்ணீரில் இரும்பு இருக்கலாம். வெள்ளை பக்கெட்டில் போர் தண்ணீரைப் பிடித்து ஒரு இரவு வையுங்கள். காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் சந்தேகமே இல்லை. இந்த வீட்டில் பிளீச் போட்டால் மஞ்சள் இன்னும் ஏறும். பிளீச், கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கித் துணியில் உட்கார வைத்துவிடும். எலுமிச்சை உப்புத் தண்ணீர்தான் மருந்து, வெள்ளைத் துணிக்கு நல்ல தண்ணீர். இரும்பு அதிகம் என்றால் தண்ணீர் சுத்திகரிப்பு ஆட்களிடம் மாதிரி கொடுத்துப் பாருங்கள், மெஷின் மெக்கானிக்கால் இதில் ஆவது ஒன்றுமில்லை.

நீலம் போடுவது தப்பில்லை. ஆனால் அது கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும், அழுக்கை எடுக்காது. துவைத்துச் சுத்தமான துணிக்குக் கடைசியில் போடுங்கள்.

ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் பவுடரைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஏமாறுபவர்கள் நிறையப் பேர். அது நன்றாக வேலை செய்ய 40 டிகிரிக்கு மேல் வேண்டும். நல்ல வெந்நீரில் கரைத்து, பக்கெட்டில் ஊற வைப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

துவைத்த துணியில் வாடை

ஓட்டம் முடிந்ததும் துணியை எடுத்துவிடுகிறீர்களா? இரவு போட்டுக் காலையில் எடுக்கும் வீட்டில் எந்தப் பொடியும் வாடையை நிறுத்தாது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப் போடும்போது துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி விட்டு, ஃபேன் போடுங்கள்.

அதுவும் சரியென்றால் மெஷின் அழுக்கு. பச்சைத் தண்ணீரிலேயே ஓடும் மெஷினில் சோப்புப் பிசுக்கும் எண்ணெயும் உள்ளே படிந்து, அதில் கிருமி வளரும். ஃப்ரண்ட் லோடில் கதவு ரப்பரை விரித்து உள் மடிப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கருப்பாக வரும். கீழே வடிகால் ஃபில்டரைத் திறந்து (அடியில் தட்டு வையுங்கள், தண்ணீர் கொட்டும்) முடி, நாணயம், பொத்தானை எடுங்கள். டாப் லோடில் நூல் பையைக் கழுவுங்கள். மாதம் ஒரு முறை துணியில்லாமல் டிரம் கிளீன் ஓட்டம், ஃப்ரண்ட் லோடில் 60 டிகிரிக்கு மேல். கம்பெனி கையேடு சொல்லும் டீஸ்கேலிங் பவுடர் எதுவோ அதைப் போடுங்கள்.

ரப்பர் கிழிந்திருந்தால், அல்லது ஓட்டம் முடிந்தும் அடியில் தண்ணீர் நின்றால் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

நுரை அடங்கவே மாட்டேன் என்கிறது

கைத்துவையல் பொடியை ஃப்ரண்ட் லோடில் போட்டிருப்பீர்கள். அதை நுரைப்பதற்கென்றே செய்கிறார்கள். மெஷினுக்கு நுரை தேவையில்லை, நுரை மெத்தை போல நின்றால் துணி உரசவே உரசாது. உடனே நிறுத்தி, துணிக்கான கண்டிஷனர் ஒரு மூடி ஊற்றி அலசல் மட்டும் ஓட்டினால் நுரை இறங்கும். டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக்கில் குறைவான நுரை வரும் கைப்பொடியை அளவாகப் போட்டுச் சமாளிக்கலாம். ஃப்ரண்ட் லோடுக்கு அதற்கென்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

துண்டு அட்டை போல விறைக்கிறது

அலசல் போதவில்லை, அல்லது கடினத் தண்ணீர். ஒரு அலசல் கூட்டுங்கள். துண்டுக்குக் கண்டிஷனர் வேண்டாம், மெதுவாக இருக்கும், ஆனால் ஈரம் உறிஞ்சாது.

துணியில் கருப்பு, பழுப்புப் புள்ளிகள்

விரலால் நசுக்கினால் மெழுகு போல இருந்தால் டிரம்முக்குப் பின்னால் படிந்த சோப்பு, கண்டிஷனர் பிசுக்கு. டிரம் கிளீன் இரண்டு முறை ஓட்டி, கண்டிஷனரை நிறுத்துங்கள். கிரீஸ் போல ஒட்டி, பிழியும்போது கடகடவென்று சத்தமும் வந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள். சீக்கிரம் காட்டினால் பேரிங்கோடு போகும், தள்ளிப்போட்டால் டிரம்மையே மாற்ற வேண்டி வரும்.

சாம்பார், மஞ்சள், ரத்தம்

ரத்தக் கறைக்கு வெந்நீர் கூடவே கூடாது, பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து அலசுங்கள். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும். எண்ணெயைத் துணி சோப்பால் எடுத்துவிட்டு, ஈரத்தோடு நேர் வெயிலில் போடுங்கள். வெளிறிவிடும்.

துணி போட்டால் உடம்பு அரிக்கிறது

பொடியைக் குறைத்து, ஒரு அலசல் கூட்டி, வாசனையில்லாத லிக்விட் போட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

இத்தனை பார்த்தும் பொடியைத்தான் மாற்ற வேண்டும் என்றால்

கிலோ விலையைப் பார்க்காதீர்கள். ஒரு துவையலுக்கு எவ்வளவு என்று பாருங்கள். கணக்குக்கு, கிலோ 80 ரூபாய்ப் பொடி ஒரு துவையலுக்கு 100 கிராம் பிடித்தால் 8 ரூபாய். கிலோ 140 ரூபாய்ப் பொடி 50 கிராம் போதும் என்றால் 7 ரூபாய். பாக்கெட்டின் பின்னால் எத்தனை கிலோ துணிக்கு எத்தனை கிராம் என்று இருக்கும், கடையில் நின்றே போனில் பெருக்கிப் பாருங்கள். அளவே எழுதாத பொடியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

லிக்விட் பச்சைத் தண்ணீரில் தடையில்லாமல் கலக்கும், டிராயரில் அடைக்காது. ரீஃபில் பையாக வாங்கினால் பாட்டிலைவிடக் குறையும். வெள்ளைக்கும் மண் படிந்த துணிக்கும் பொடி நன்றாக வேலை செய்யும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொள்வது பல வீடுகளுக்கு ஒத்துவருகிறது. வேலைக்குப் போடும் துணிக்கும் படுக்கைத் துணிக்கும் என்சைம் பொடி, சேலை, கலர் சட்டை, சுடிதாருக்கு லிக்விட்.

நாலு கிலோ பையை ஆஃபரில் எடுக்கும் முன் சின்ன பாக்கெட் இரண்டு வகை வாங்குங்கள். ஒரே கட்டிலில் ஒரு வாரம் கிடந்த இரண்டு தலையணை உறை எடுத்து, ஒன்றை ஒரு பொடியிலும் மற்றதை இன்னொன்றிலும், அதே தண்ணீர், அதே ஓட்டம், அதே அளவு துணியோடு துவைத்து, காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலை படும் இடத்தை முகர்ந்தும் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் விலை குறைந்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.